ஏழு வீட்டு டீவியும் ஒரு பால்காரனும்

சென்ற மாதம் ஓய்வு பெற்றேன். வேலையின் கடைசி வாரத்தில், எங்கள் பிரிவு சோதித்துக் கொடுத்த செயலி ஒன்று காலையில் வெளியே போனது. தேநீர் நேரத்துக்குள் அதில் ஒரு பிழை தெரிந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திருத்திய பதிப்பு போனது. வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் அந்தத் திருத்தத்துக்கும் ஒரு திருத்தம் போனது. அறையில் ஒருவர் முகமும் மாறவில்லை. நான் மட்டும் ஒவ்வொரு தடவையும் நாற்காலியை விட்டு எழுந்தேன் போலிருக்கிறது. பக்கத்து மேசைப் பிரியா சிரித்தாள். இங்கே லண்டனில் பிறந்த பிள்ளை. அலுவலகத்தில் என்னோடு மட்டும் தமிழ் கதைப்பாள்.

“அன்ரி, ரிலாக்ஸ். பிழையெண்டா திரும்ப அனுப்பலாம்தானே?”

“நான் வேலை தொடங்கேக்கை திரும்ப அனுப்ப ஏலாது பிள்ளை.”

“அப்ப என்ன செய்தனீங்கள்?”

“அனுப்ப முதல் ஆக்களின்ரை வீட்டுக்குப் போய் டீவி பாத்தனாங்கள்.”

நான் பகிடி விடுவதாக நினைத்தாள். பிரிவுபசார நாளில் எல்லோருக்கும் முன்னால் அதைத் திரும்பவும் சொல்ல வைத்தாள். கேக் வெட்டுகிற அவசரத்தில் விளக்கிச் சொல்ல நேரம் இருக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் நாட்குறிப்பு எழுதுகிறவள் நான். எந்த வீட்டுக்கு எந்தக் கிழமை போனோம் என்பதை அதில் சரிபார்த்துக்கொண்டேன். பேச்சுகள் மட்டும் ஞாபகத்திலிருந்து வருகின்றன.

அது எண்பதுகளின் தொடக்கம். டீவியோடு இணைத்து விளையாடும் கன்சோல்கள் லண்டன் கடைகளுக்கு வந்துவிட்டன. விளையாட்டுகள் உள்ளங்கை அளவுப் பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜ்களில் வரும். அவற்றை வெளியிடுவதற்குச் சின்னச் சின்ன நிறுவனங்கள் முளைத்தன. முளைத்த வேகத்திலேயே மறைந்தன. அப்படி இரண்டே கிறிஸ்துமஸ் பார்த்த நிறுவனம்தான் ரம்புத்தான் கேம்ஸ். ஆர்ச்வேயில், காசு போட்டுத் துணி துவைக்கும் கடைக்கு மேல்மாடி. ஒன்றரை அறை. மூன்று பேர்.

முதலாளி மணியம் மலேசியத் தமிழர். இங்கே பொறியியல் படிக்க வந்து, நல்ல சம்பளத்தில் இருந்த வேலையை விட்டுவிட்டு இதைத் தொடங்கியவர். மடிப்புக் கலையாத சட்டை, காதில் பென்சில். பேச்சின் முடிவில் மலேசிய வழக்கில் ஒரு ‘லா’ வரும். குரலை உயர்த்த மாட்டார். அவருடைய கவலையைத் தேநீரில்தான் அளக்க முடியும். மேசையில் எப்போதும் ஒரு டின் இனிப்புக் கட்டிப்பால் இருக்கும். சாதாரண நாளில் கோப்பைக்கு இரண்டு கரண்டி. கவலை என்றால் நான்கு. நிலைமை மோசம் என்றால் தேநீரை மறந்துவிட்டுக் கரண்டியை டின்னுக்குள் விட்டு நேராக வாய்க்குக் கொண்டுபோவார்.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்து முடித்திருந்தேன். அந்தப் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அறிவிப்புப் பலகையில் பார்த்த விளம்பரத்தை நம்பி மாடியேறினேன். மணியம் என் கையில் ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்தார். “விளையாடிக்கிட்டு இருங்க, டீ போட்டுட்டு வர்றேன்” என்று போனார். அமெரிக்காவிலிருந்து வாங்கிய கார் பந்தயம் அது. திரும்பி வந்ததும், “என்ன பாத்தீங்க?” என்று கேட்டார்.

“காருக்குச் சில்லு மூண்டுதான் தெரியுது சேர். வளைவிலை திரும்பேக்கை ரோட்டு ஒருக்கா மஞ்சளாகுது. மற்றது, வானம் கத்தரிப்பூ நிறம்.”

“ஜெயிச்சீங்களா?”

“அதைக் கவனிக்கேல்லை.”

“திங்கட்கிழமை வந்திருங்க. ஆனா இந்த ‘சேர்’ எல்லாம் வேணாம் லா. அப்படிக் கூப்பிட்டா எங்கப்பா வந்துட்டாரோன்னு திரும்பிப் பாப்பேன்.”

அன்றிலிருந்து அவர் மணியம் அண்ணை.

அமெரிக்க டீவியும் பிரித்தானிய டீவியும் ஒன்றல்ல. கோடுகளின் எண்ணிக்கை வேறு, வேகம் வேறு, நிறம் வேறு. அங்கே புல்லாக இருப்பது இங்கே தக்காளியாகிவிடும். அமெரிக்க விளையாட்டுகளை வாங்கி, இங்குள்ள டீவிக்கு ஏற்றபடி மாற்றி விற்பதுதான் எங்கள் முதல் தொழில். மாற்றி எழுதுகிறவன் கொலின். ஆறடிக்கு மேல் உயரம், வெட்கம் அதிகம். அவன் ஒவ்வொரு நிறமாகத் திரையில் காட்ட, நான் பெயர் சொல்ல வேண்டும். எனக்கு ஆங்கிலத்தில் அத்தனை நிறங்களுக்குப் பெயர் தெரியாது. கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், செங்கல் சிவப்பு என்று தமிழில் சொன்னதை அவன் அப்படியே எழுதிக்கொண்டான். கொஞ்ச நாளில், “சுகந்தி, இந்த வானத்துக்குக் கத்தரிப்பூ அதிகமாகிவிட்டதா?” என்று அவனே ஆங்கிலத்துக்கு நடுவே கேட்கத் தொடங்கினான்.

அந்தக் கார் பந்தயம்தான் எங்களுக்கு முதல் அடி கொடுத்தது. அலுவலக டீவியில் அருமையாக இருந்தது. கடைக்குப் போன பிறகு, வாடகைக்கு எடுத்த பழைய டீவிகளில் கரும்பச்சை ரோட்டில் கருநீலக் கார் கண்ணுக்கே தெரியவில்லை. பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. மாடிப்படியில் அடுக்கி வைத்தோம். வருகிறவர்கள் அதில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார்கள்.

அதற்குப் பிறகு மணியம் அண்ணை ஒரு சட்டம் போட்டார். ஏழு வீட்டு டீவியில் பார்க்காமல் எதுவும் வெளியே போகாது.

“நம்ம ஆபீஸ் டீவி செல்லப் பிள்ளை லா. நாம என்ன கொடுத்தாலும் நல்லா இருக்குன்னு சொல்லும்.”

ஏழும் வேறு வேறு தயாரிப்பாக இருக்க வேண்டும். குறைந்தது ஒன்று கறுப்பு வெள்ளை. குறைந்தது ஒன்று தட்டினால்தான் வேலை செய்கிற டீவி. எங்களுக்காக யாரும் எந்தக் குமிழையும் திருகக் கூடாது. எப்படி விளையாடுவது என்று நாங்கள் சொல்லிக் கொடுக்கக் கூடாது. எழுதிய ஆள் பக்கத்தில் இருந்தால் வாய் திறக்கக் கூடாது. கொலினுக்கு இந்தக் கடைசி விதிதான் கஷ்டம். யாராவது ஜாய்ஸ்டிக்கைத் தப்பாகத் திருப்பினால் அவன் வாய் தானாகத் திறக்கும். அதற்காக மணியம் அண்ணை சட்டைப் பையில் பெரிய டொபி மிட்டாய் வைத்திருப்பார். விளையாட்டுத் தொடங்கும்போது கொலின் வாயில் ஒன்று போகும். அது கரைந்து முடியும்வரை பேச்சு இல்லை. பிறகு கணினி நிரலில் ஒரு சொல்லாவது திருத்தினால் திரும்பவும் முதல் வீட்டிலிருந்து.

ஏழு வீட்டுக்கு எங்கே போவது? தெரிந்த தமிழ் வீடுகள்தான். கன்சோலைக் காய்கறிப் பையில் வைத்துக்கொண்டு நார்தர்ன் லைன் ரயிலில் ஏறுவோம். ஒரு வீட்டில் டீவிக்கு மேலே முருகன் படம், மாலை, விளக்கு. பூசை முடியும்வரை டீவியைப் போட விடமாட்டார்கள். அதுவரை நாங்களும் கும்பிட்டுக்கொண்டு நிற்போம். கொலினும்தான். இன்னொரு வீட்டில் மலேசியாவிலிருந்து வந்த மாணவர்கள். தங்கள் சமையலைச் சாப்பிட்டால்தான் ஜாய்ஸ்டிக்கைத் தொடுவார்கள். ஏழாவது டீவி எங்கள் வீட்டில், கோலியர்ஸ் வுட்டில். நான் என் சொந்த அண்ணையோடும் அவருடைய மனைவி கமலா மச்சாளோடும் இருந்தேன். மரப்பெட்டிக்குள் இருக்கும் பெரிய வாடகை டீவி. அண்ணை பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால்தான் படம் நிலைக்கு வரும்.

ஆறு மாதத்தில் கொலின் எங்கள் சொந்த விளையாட்டு ஒன்றை எழுதினான். பெயர் ‘பால்காரன்’. அவன் பள்ளிக்கூட நாள்களில் விடியற்காலைப் பால் வண்டியில் வேலை செய்தவன். தெரு முழுக்க வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு போத்தல் வைக்க வேண்டும். இரண்டு நாய்கள் துரத்தும். நாய்கள் வால் ஆட்டும். அந்த வாலைப் பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். விளையாட்டுத் தொடங்கும் முன் தோல் முழுக்க முள் போல முடி நீட்டிய ஒரு சிவப்பு ரம்புத்தான் பழம் திரையில் மெல்லச் சுழலும். மணியம் அண்ணை தன் கையால் புள்ளி புள்ளியாக வரைந்தது. பார்த்தவர்களில் பாதிப் பேர் முள்ளம்பன்றி என்றார்கள். ஒரு கடைக்காரர் காய்ச்சல் கிருமியா என்று கேட்டார்.

“ஒரு தடவ பாத்தா மறக்க மாட்டாங்க. அது போதும் லா.”

கிறிஸ்துமஸுக்குக் கடைகளில் இருக்க வேண்டுமென்றால், திங்கட்கிழமை காலை மூலப் பிரதி, கார்ட்ரிட்ஜுக்குள் வைக்கும் மின்னணுச் சில்லுகளைச் செய்யும் தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும். அங்கே சில்லுக்குள் எழுதப்படுவது கல்லில் பொறித்தது போல. பிறகு யாராலும் மாற்ற முடியாது. அந்தத் திங்களைத் தவறவிட்டால் தொழிற்சாலையில் அடுத்த இடம் தைக்குப் பிறகுதான். பிழையோடு அனுப்பினால் கார் பந்தயம் போல எல்லாம் மாடிப்படிக்கு வரும். எந்தப் பக்கம் போனாலும் நிறுவனம் முடிந்தது. அது மூன்று பேருக்கும் தெரியும்.

ஆறு வீட்டில் பால்காரன் தேறினான். ஏழாவது எங்கள் வீடு, சனிக்கிழமை காலை.

கமலா மச்சாள் அதுவரை எந்த விளையாட்டையும் தொட்டதில்லை. சுடுகிறதும் வெடிக்கிறதும் அவவுக்குப் பிடிக்காது. பால்காரனைக் கண்டதும் சோபாவின் நுனியில் வந்து உட்கார்ந்தா. மற்றவர்கள் எல்லோரும் நாய்க்குத் தப்பி ஓடி, அகப்பட்ட வாசலில் போத்தலை வைப்பார்கள். மச்சாள் இடப்பக்க வீட்டில் தொடங்கி வரிசையாகப் போனா.

“ஒரு வீடும் விடக்கூடாது. பாவம், அதுகளும் தேத்தண்ணி குடிக்கிறேல்லையே?”

“மச்சாள், நாய் வருது!”

“வரட்டும். உதுக்குப் பயந்து பால் குடுக்காமல் விடுறதே?”

வலப்பக்கக் கடைசி வீட்டு வாசலில் இரண்டு நாயும் சேர்ந்து வந்தன. மச்சாள் போத்தலை வைத்தா. திரையில் இருந்த படம் முழுவதும் கீழிருந்து மேலே உருண்டது, யாரோ திரைச்சீலையைச் சுருட்டுவது போல. அண்ணை பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமலே டீவியில் ஒரு தட்டுத் தட்டினார். படம் நின்றது.

“டீவிதான். பழசு” என்றார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. அந்த டீவி உருளுவது போட்ட புதிதில், சூடேறும் முன்புதான். இப்போது ஒரு மணித்தியாலமாக ஓடுகிறது.

“மச்சாள், இன்னொருக்கா அப்பிடியே விளையாடுங்கோ. அண்ணை, நீங்கள் தட்டாதேங்கோ.”

“தட்டாட்டி படம் ஓடிக்கொண்டெல்லோ இருக்கும்?”

“ஓடட்டும்.”

“உனக்கு விசர்” என்றார் அண்ணை. ஆனால் கையைக் கட்டிக்கொண்டார்.

மச்சாள் இரண்டு தடவை பாதியிலேயே நாயிடம் கடி வாங்கினா. “நீர் பின்னாலை நிண்டு மூச்சு விட்டா எனக்கு வராது. குசினிக்குப் போம்.” போனேன். பாத்திரம் ஒன்றைக் கழுவி முடிக்கவில்லை, சத்தம் வந்தது: “சுகந்தி! ஓடுது! ஓடுது!”

அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன்.

“எத்தனை தடவை?” என்றார் மணியம் அண்ணை.

“கடைசி வீட்டுக்குப் போன ஒவ்வொரு தடவையும்.”

“உங்க அண்ணன் தட்டினாரா?”

“ரெண்டாந்தரம் தட்டேல்லை. கையைக் கட்டிக்கொண்டிருந்தவர்.”

மறுமுனையில் கரண்டி டின்னில் முட்டும் சத்தம் கேட்டது. “வர்றோம்” என்றார்.

மதியத்துக்குள் இருவரும் வந்தார்கள். கொலின் சோபாவில் இடமில்லாமல் நிலத்தில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டான். டொபி வாய்க்குள் போனது. மச்சாள் அவனுடைய உப்பிய கன்னத்தைப் பார்த்தா.

“உந்தத் தம்பிக்கு என்ன, பல்லு நோவோ?”

“இல்லீங்க. அவன் எழுதின கேம். மத்தவங்க விளையாடுறப்ப வாயத் திறக்கக் கூடாது. அதுக்குத்தான் மிட்டாய்.”

“அப்பிடியே? எங்கடை வீட்டு ஆளுக்கும் ரெண்டு தந்திட்டுப் போங்கோவன்.”

அண்ணை பத்திரிகையை இன்னும் உயர்த்திப் பிடித்தார்.

மச்சாள் விளையாடினா. முதல் வீடு, இரண்டாம் வீடு. கொலினின் தாடை அசையவில்லை. கடைசி வாசல், இரண்டு நாய், போத்தல். படம் உருண்டது. யாரும் தட்டவில்லை. அது உருண்டுகொண்டே இருந்தது. ‘கடக்’ என்று டொபி உடையும் சத்தம் கேட்டது. அவசரமாக மென்று விழுங்கிவிட்டு, கொலின் ஒரே ஒரு வார்த்தை சொன்னான்: “வலப்பக்கம்.”

ரயிலில் போகும்போது அவன் விளக்கினான். அந்தக் கன்சோலில் முழுப் படத்தையும் சேமித்து வைக்க இடம் கிடையாது. டீவிக்குள் இருக்கும் கதிர் மேலிருந்து கீழாக ஒவ்வொரு கோடாக வரைய, நிரல் அதோடு ஓடிக்கொண்டே என்ன வரைய வேண்டும் என்று சொல்ல வேண்டும். கதிர் கீழே முடித்து மேலே திரும்பும் சின்ன இடைவேளையில்தான் நாய் எங்கே, போத்தல் எங்கே என்ற கணக்குகளைச் செய்யலாம். ஒரு பொருள் எவ்வளவு வலப்பக்கம் நிற்கிறதோ அவ்வளவு நீளும் அந்தக் கணக்கு. இரண்டு நாயும் போத்தலும் வலது ஓரத்துக்கு ஒன்றாக வந்தால் இடைவேளை போதாது. அடுத்த படம் பிந்தித் தொடங்கும். புதிய டீவி அதைப் பொறுத்துக்கொள்ளும். எங்கள் வீட்டு டீவி பொறுக்கவில்லை.

“மற்ற வீட்டிலை ஒருத்தரும் கடைசி வாசலுக்குப் போகேல்லை” என்றேன். “ஆனா நாங்கள் ஆபீசிலை எத்தினை தரம் போயிருக்கிறம்? புது டீவியெண்டாலும் கொஞ்சமாவது ஆடியிருக்க வேணுமே?”

ஆர்ச்வேயில் இறங்கி மாடியேறி, மணியம் அண்ணை நேராக டீவியைப் போட்டு, தானே விளையாடினார். கடைசி வாசல். படம் மெல்ல, மிக மெல்ல, ஒரு நடுக்கம் நடுங்கியது.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அந்த நடுக்கத்தை நாங்கள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம். கீழே கடையில் துணி பிழியும் இயந்திரங்கள் சுழலத் தொடங்கினால் எங்கள் மேசை நடுங்கும், கோப்பை நடுங்கும், டீவி நடுங்கும். கடைசி வாசல் நடுக்கத்தையும் கீழே யாரோ போர்வை தோய்க்கிறார்கள் என்று நினைத்துவிட்டோம். அன்று சனிக்கிழமை மாலை. கடை பூட்டியிருந்தது. கீழே ஒரு சத்தமும் இல்லை.

முதலில் சிரித்தது கொலின். “வாரக்கணக்காகப் போர்வைகள் மேல் பழி போட்டிருக்கிறோம்!” பிறகு எனக்கும் அடக்க முடியவில்லை. மணியம் அண்ணை சிரித்தபடியே டின்னை எடுத்தார். கரண்டி நேராக உள்ளே போனது.

சிரிப்பு அடங்கியதும் வேலை. வைத்தியம் கொலினுக்குத் தெரிந்திருந்தது: கணக்கை ஒவ்வொரு தடவையும் போடாமல், விடைகளை முன்கூட்டியே அட்டவணையாக எழுதி வைத்துவிடலாம். பார்த்து எடுக்க நேரம் ஆகாது. ஆனால் அட்டவணைக்கு இடம் வேண்டும். கார்ட்ரிட்ஜில் ஓர் எழுத்துக்குக்கூட இடம் மிச்சமில்லை. எதையாவது வெட்டியாக வேண்டும்.

“பால்காரன் விசிலடிக்கும் பாட்டை எடுத்துவிடலாம்” என்றான் கொலின். சொல்லும்போதே அவன் முகம் வாடியது.

“அது காணாது எண்டு நினைக்கிறன்” என்றேன். “நாயின்ரை வாலையும் நிப்பாட்டினா?”

“வாலாட்டாத நாய் என்ன நாய் லா?” என்றார் மணியம் அண்ணை. “அந்த வாலப் பாத்துத்தான எல்லாரும் சிரிக்கிறாங்க.”

கொலினுக்கும் எனக்கும் தெரிந்த ஒன்றை இரண்டு பேரும் சொல்லத் துணியவில்லை. அட்டவணைக்குத் தேவையான இடமும், விளையாட்டுத் தொடங்கும் முன் சுழலும் பழம் பிடித்திருக்கும் இடமும் கிட்டத்தட்ட ஒன்று. மணியம் அண்ணை காதிலிருந்த பென்சிலை எடுத்தார். அச்சிட்ட நிரல் தாளை விரித்தார். பழத்தின் வரிகளைத் தேடிப் பிடித்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அளவுகோல் வைத்து நேர்க்கோடு போட்டு அடித்தார். ஒரு கோடுகூடக் கோணவில்லை.

“அண்ணை, அது எங்கடை பேரெல்லோ?”

“விளையாடுறவங்களுக்கு நம்ம பேரு எதுக்கு? பால் வந்தா போதும். கொலின், எழுது.”

கொலின் எழுதினான். எங்கள் பரிசோதனைச் சில்லுகள் அழித்துத் திரும்ப எழுதக்கூடியவை; அவற்றை அழிப்பதற்குப் புற ஊதா விளக்குப் பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் அவற்றை வைத்து மூடினோம். அவை அழியும் நேரத்தில் எதிர்க் கடையில் மீனும் உருளைக்கிழங்குப் பொரியலும் வாங்கிச் சாப்பிட்டோம். கொலின் புதிய நிரலை இரண்டு சில்லில் எழுதினான். அலுவலக டீவியில் நடுக்கம் இல்லை. செல்லப் பிள்ளையின் சாட்சி எங்களுக்குப் போதாது. ஞாயிற்றுக்கிழமை முதல் வீட்டிலிருந்து தொடங்கினோம்.

ஒரே நாளில் ஏழு வீடு. இரண்டு கன்சோல், மணியம் அண்ணை ஒரு பக்கம், நானும் கொலினும் ஒரு பக்கம். முருகன் வீட்டில் அன்றைக்கென்று நீண்ட பூசை. கொலின் நெற்றியில் திருநீறோடு அடுத்த ரயிலில் ஏறினான். கறுப்பு வெள்ளை டீவி வைத்திருந்த வீட்டில் பிள்ளைக்குப் பிறந்தநாள். வந்திருந்த அத்தனை பிள்ளைகளும் விளையாடாமல் எங்களை விடவில்லை. நாங்களும் எல்லோரையும் கடைசி வாசல்வரை போகச் சொல்லிக் கெஞ்ச முடியாது. சொல்லிக் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். போகிறவர்கள் போகும்வரை காத்திருந்தோம். ஒரு குட்டிப் பெண் போனாள். படம் அசையவில்லை. கொலின் வாயில் டொபியோடு கையை மட்டும் தூக்கி ஆடினான்.

கடைசியாக எங்கள் வீட்டில் எல்லோரும் கூடினோம். மச்சாள் புட்டு அவித்து மூடி வைத்துவிட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தா. முதல் வீடு. இரண்டாம் வீடு. ஒன்றும் விடாமல் போனா. நான் குசினிக்குப் போகவில்லை; மூச்சையும் விடவில்லை. கடைசி வாசலுக்கு நாய்கள் சேர்ந்து வந்தன. போத்தல் வாசலில் இருந்தது. படம் நின்றது. நாய்கள் வாலை ஆட்டின. அடுத்த தெரு திறந்தது.

அண்ணையின் கை பழக்கத்தில் டீவிப் பக்கம் பாதித் தூரம் போயிருந்தது. “என்ன, ஓடேல்லை?” என்றார். ஏமாந்தது போல இருந்தது குரல்.

“ஓடாது! இனி ஓடாது!” என்று நான் கத்தியது பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். கொலின் எழுந்து துள்ளித் தலையை விளக்கில் முட்டிக்கொண்டு, “ஐயோ!” என்று தமிழிலேயே சொன்னான். மச்சாள் மட்டும் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைக்காமல் மணியம் அண்ணையைத் திரும்பிப் பார்த்தா.

“தொடங்கேக்கை ஒரு பழம் சுத்துமே, அதெங்கை?”

“எடுத்துட்டோம்மா. இடமில்ல.”

“ஐயோ, வடிவான பழம். நாய் திண்டிட்டுதாக்கும்.”

மணியம் அண்ணை சிரித்த சிரிப்பில் புட்டு ஆறிப்போனது.

திங்கட்கிழமை காலை மூலப் பிரதியைக் கூரியர்க்காரரிடம் கொடுத்தோம். கிறிஸ்துமஸுக்கு முன் பால்காரன் கடைகளில் இருந்தான். பெட்டி அட்டைகளை முன்னமே அச்சிட்டுவிட்டதால், பின்பக்கத்தில் அந்தச் சுழலும் பழத்தின் படம் அப்படியே இருந்தது. அதை மாற்ற நேரமில்லை. யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று விட்டுவிட்டோம்.

விடுமுறை முடிந்து மாடியேறியபோது, கதவுக்குப் பின்னால் கடிதங்கள் குவிந்திருந்தன. கார் பந்தயத்துக்குப் பிறகும் இப்படித்தான் குவிந்தன. மூன்று பேரும் கோட்டைக் கழற்றாமல் நின்றோம். படம் உருளுகிறது என்று ஒரு கடிதத்தில் இருந்தால், மற்ற எல்லாவற்றிலும் அதுதான் இருக்கும்.

“நீங்க படிங்க சுகந்தி” என்றார் மணியம் அண்ணை.

முதல் கடிதம் பென்சிலால் பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருந்தது. ஒரு சிறுவன் எல்லாத் தெருவுக்கும் பால் கொடுத்துவிட்டானாம். பெட்டியில் இருக்கும் சிவப்புப் பழம் எத்தனையாவது தெருவில் வரும் என்று கேட்டிருந்தான். இரண்டாவது கடிதம் ஒரு சிறுமியுடையது. தானும் தம்பியும் விடுமுறை முழுக்கத் தேடியும் அந்த முள்ளம்பன்றியைக் காணவில்லை என்று எழுதியிருந்தாள். மூன்றாவதும் பழம். நான்காவதும் பழம். நாங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்தோம். படம் உருளுகிறது என்று ஒருவரும் எழுதவில்லை. ஒரு பெட்டிகூடத் திரும்பி வரவில்லை.

“பதில் போடோணும் அண்ணை. என்ன எழுத?”

“அதான் உங்க மச்சாள் சொல்லிட்டாங்களே. நாய் தின்னுருச்சுன்னு எழுதுங்க.”

அப்படியே எழுதினேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக, ஆங்கிலத்தில்: அன்புள்ள பிள்ளைக்கு, பழத்தை நாய் தின்றுவிட்டது, மன்னிக்கவும். ஒரு வாரத்தில் பதிலுக்குப் பதில் வந்தது. அந்தச் சிறுமிதான். எந்த நாய் தின்றது, இடப்பக்க நாயா, வலப்பக்க நாயா, அதன் வயிற்றிலிருந்து பழத்தை எடுக்க வழி உண்டா என்று கேட்டிருந்தாள்.

மணியம் அண்ணை அதை வாங்கித் தானே ஒரு தடவை படித்தார். பிறகு கொலினிடம் நீட்டினார். காதிலிருந்து பென்சிலை எடுத்து, ஒரு வெள்ளைத் தாளைத் தன் முன்னால் இழுத்துப் போட்டார்.

“உக்காருங்க லா ரெண்டு பேரும். அடுத்த கேம் வந்திருச்சு.”